வாசலில் ஊற்றிய நீர்

ரபின் இறந்த மறுமாதம், தங்கை தனுஷியாவைக் கூட்டிப்போக லண்டனின் மோர்டனிலிருந்து கிங்ஸ்பரிக்கு வந்தார் பாலேந்திரா.

"நேபாளப் பெடியனைக் கட்டினாய், சரி. இப்ப அவன் இல்லை. இந்த வீட்டைக் குடுத்திட்டு என்னோட வா."

"வரமாட்டன் அண்ணை. அவர் வந்து என்னைக் காணாட்டி என்ன செய்வார்?"

அவள் சமையலறையிலிருந்து மூக்கு வைத்த பித்தளைச் செம்பை எடுத்து வந்தாள். அதற்குக் கரூவா என்று பெயர். ரபினுடைய நேவார் இனக் குடும்பத்தில், வீட்டுக்கு வருபவருக்கு முன்னால் அந்தச் செம்பால் நீர் ஊற்றிக்கொண்டே உள்ளே அழைத்துப்போவார்கள். மணமகளாகப் போனபோது தனுஷியாவையும் மாமியார் அப்படித்தான் அழைத்திருந்தார்.

தனுஷியா வாசற்கதவை அகலத் திறந்தாள். மழை இல்லை. வெளியே ஒருவரும் இல்லை. நிலைப்படியில் தொடங்கி, நீரை ஒழுகவிட்டபடி மாடிப்படியை நோக்கி மெதுவாக நடந்தாள்.

பாலேந்திரா குனிந்து தரையைப் பார்த்தார். அவளுடைய சின்னப் பாதங்கள் பதித்த ஈரத்துக்குப் பின்னால், இன்னொரு சோடிச் சுவடுகள் தரையில் பதிந்துகொண்டு வந்தன. அவை பெரியவை.

"வழி விடுங்கோ அண்ணை," என்றாள் தனுஷியா, திரும்பிப் பாராமலே.

அவர் சுவரோடு ஒதுங்கினார். சுவடுகள் அவரைக் கடந்து மாடிப்படி ஏறின.