பவுலினின் முழங்கை

"முதல் அநியாயம், ஒரு நாளைக்கு எடுக்கவேண்டிய தேயிலைக் கொழுந்தோட அளவைக் கூட்டினது. ரெண்டாவது, மழைக்கு இடுப்புல கட்டப் படங்குத் துணி தராதது. மூணாவது, வழுக்குற மலையில இவளை ஏறச் சொன்னது. நாலாவது, விழுந்தவளை ஏத்திப்போக லொறி தராதது!"

சங்கத் தலைவர் மரியநாயகம், மனைவி பவுலினின் முழங்கை நொறுங்கிய வலது கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினார். லயத்து வீட்டு வாசலில் நின்ற சங்கக் கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள்.

பவுலினுக்கு உயிர் போய் வந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் அந்தக் கையைத் தொட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

செயற்கை முழங்கை வடிவமைக்கும் எஞ்சினியர் தர்ஷனா, உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கீல் ஒன்றை நீட்டினாள்.

"இதை உள்ள வச்சா வலி போயிரும், கை மடங்கும். ஆனா ஆயுசுக்கும் ரெண்டு கிலோவுக்கு மேல தூக்கக்கூடாது. உலோகம் தாங்கும், அது சொருகியிருக்கிற எலும்பு தாங்காது."

"தேத்தண்ணிக் கோப்பை தூக்குற கைக்குச் செஞ்ச சாமான்!" மரியநாயகம் சீறினார். "இதைச் சாக்கா வச்சு இவ வேலையைப் பறிக்கத் தோட்டத்துத் தொரை போட்ட திட்டம்!"

"தொரைகிட்ட பேசிட்டேங்க ஐயா" என்றாள் தர்ஷனா. "பெக்டரியில உக்காந்து தேயிலையில குச்சி பொறுக்குற வேலை தர்றாராம்."



"சங்கத்துக்குப் பயந்துட்டான்!" என்றார் கமிட்டிக்காரர் அழகுமுத்து. கைதட்டல் எழுந்தது.

"மிச்சம் வீட்டு வேலைதான்" என்றாள் தர்ஷனா. "தண்ணிக் குடம், விறகு, அரிசி மூட்டை. முந்தி இதை வச்ச ஒருத்தங்க வீட்டுல, எல்லாரும் பாத்துக்கிறோம்னாங்க. யாரும் பாக்கல, கீல் கழண்டுருச்சு. அதனால இவங்களுக்காகத் தூக்கப்போற ஒரு ஆளோட பேரைச் சாட்சி முன்னால சொல்லி, இந்தப் படிவத்துல எழுதணும். ஆள் இல்லாட்டி ஆப்பரேஷன் இல்ல."

"சங்கம் பாத்துக்கும், மிஸ்."

"சங்கம் குடம் தூக்காதுங்களே, ஐயா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மரியநாயகம் முறைத்தார். "மகன் ஜூட் கொழும்புல நிக்கிறான். எனக்குத் திங்கள் ஹட்டன்ல கூட்டம், செவ்வாய் நானுஓயாவுல கூட்டம். இத்தனை ஜனத்தை விட்டுட்டு நான் குடத்தைத் தூக்கிட்டு நின்னா..."

"நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கு யாரு இருக்கா?"

பவுலின் கணவரைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தர்ஷனாவின் காதருகே குனிந்து சொன்னாள்.

தர்ஷனாவின் பேனா நின்றது. "இதையே எழுதவாம்மா?"

"எழுதுங்க மிஸ். பொய் சொல்லி வாங்கி என்ன செய்ய?"

சாட்சிகளுக்குக் கேட்கும்படி தர்ஷனா வாசித்தாள். "முழங்கை கேட்பவர், பவுலின். அவருக்காகப் பாரம் தூக்குபவர்..." குரல் இறங்கியது. "பவுலின்."