ஏழு பத்து

"அது சாயங்காலம் இல்லம்மா, காலை நேரம். தப்பாப் போட்டிருக்கீங்க. மாத்திடுங்க."

வைதேகி கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் கைபேசியை நீட்டியபடி நின்றிருந்தார். பழைய சிங்கப்பூர்ப் படங்களை இணையத்தில் ஏற்றும் அந்த அலுவலகத்துக்கு யாரும் நேரில் வருவதே அபூர்வம். வருகிறவர்களும் கழிவறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

"உட்காருங்க ஆன்ட்டி. எந்தப் படம்?"

தேக்கா சந்தைப் பூக்கடை, 1996. குழல்விளக்கு எரிகிறது, வானம் பாதி இருட்டு. தோளில் பையை மாட்டிய ஓர் ஆள் மல்லிகைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார். கடைச் சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு பத்து. கீழே வைதேகி எழுதிய குறிப்பு: 'மாலை நேரம்.'

இந்தப் படத்தோடு போன வாரமே அவள் மல்லுக்கட்டியிருந்தாள். வேறு ஊராக இருந்தாலாவது பரவாயில்லை. இந்த ஊரில் வருஷம் முழுக்கச் சூரியன் காலை ஏழு மணிவாக்கில் வருகிறது, மாலை ஏழு மணிவாக்கில் போகிறது. இதில் எந்த ஏழு பத்து என்று கண்டது யார்? மேலதிகாரி திலீப், "பூக்கடையில பிஸினஸ் சாயங்காலம்தான் லா. ஈவினிங் போட்டுட்டு அடுத்ததைப் பாரு" என்றார். அவளும் போட்டுவிட்டாள்.

"எப்படி ஆன்ட்டி காலைன்னு சொல்றீங்க?"

"அவருக்குக் கப்பல் பட்டறையில நைட் ஷிஃப்ட்டும்மா. சாயங்காலம் ஏழு மணிக்கு வேலையில இருப்பாரு. காலையில ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்போ பூ வாங்கிட்டு வருவாரு. மழை கொட்டினாலும் சரி, ஷிஃப்ட் இருந்த நாள்ல ஒரு நாள் தவறினதில்ல."

"படத்துல இருக்கிறது உங்க..."

"அவருதான்." அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். இந்த வயதிலும் இப்படி ஒரு வெட்கமா என்று வைதேகிக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஏதாவது ஆதாரம் இருக்கா ஆன்ட்டி? பழைய ஷிஃப்ட் கார்டு, அந்த மாதிரி?"

"அதுக்கு நான் எங்கம்மா போவேன்?" என்றார் அம்மாள். "அவரு போயி ஒரு வருஷமாச்சு. நேத்து பக்கத்து வீட்டுப் பொண்ணு போன்ல இதைக் காட்டுச்சு. பார்த்ததும் அழுதுட்டேன். கீழ மாலைன்னு படிச்சேனா, நெஞ்சே அடைச்சுப்போச்சு. சாயங்காலம் வாங்கின பூன்னா அது எனக்கு வாங்கினது இல்லம்மா. எனக்குன்னு இருக்கிறதே இந்தப் படம் ஒண்ணுதான். அதையும் தப்பா எழுதி வெச்சா எப்படி?"

வைதேகிக்குப் புரிந்துவிட்டது. மாலை என்றால் அந்தப் பூ வேறு எவளுக்கோ போகிறது. செத்துப்போன ஒரு நல்ல மனிதரின் பெயரைத் தன்னுடைய இரண்டு சொல் குறிப்பு கெடுத்துக்கொண்டிருக்கிறது. அடப் பாவமே என்று திலீப்பிடம் ஓடினாள்.

"குடும்பத்து ஆளுங்க எழுதிக் கொடுத்தா மாத்தலாம் லா. ஃபார்ம் வாங்கிக்கோ" என்றார் அவர்.

படிவத்தோடு திரும்பி வந்தாள். "அவர் பேரு சொல்லுங்க ஆன்ட்டி."

அம்மாள் வாயைத் திறக்கவில்லை. பேனாவை வாங்கி, 'ரெங்கசாமி' என்று நிதானமாக எழுதினார்.

புருஷன் பெயரைச் சொல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்களா! வைதேகி தன் கணவன் ஸ்ரீராமை 'டேய்' போட்டுத்தான் கூப்பிடுவாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. "இது என்னம்மா?"

"உங்களுக்கு அவர் என்ன உறவுன்னு எழுதணும்."

"கட்டாயம் எழுதணுமா?"

"எழுதினாத்தான் மாத்த முடியும். கொடுங்க, நானே எழுதறேன்."

'மனைவி' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அம்மாள் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே 'பாப்பம்மாள்' என்று கையெழுத்துப் போட்டார்.

"நீ நல்லா இருக்கணும் தாயி" என்று வைதேகியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மதியமே குறிப்பு மாறியது. 'காலை 7.10. இரவு வேலை முடிந்து, மனைவிக்குப் பூ வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் கப்பல் பட்டறைத் தொழிலாளி. தகவல்: மனைவி.' திலீப், "சூப்பர் ஸ்டோரி லா!" என்று அதை இணையத்தளத்தின் முகப்பிலேயே போட்டுவிட்டார். வைதேகிக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது.

"உட்லண்ட்ஸ்லேர்ந்து மிசஸ் ரெங்கசாமி பேசறேன். உங்க வெப்சைட்ல என் ஹஸ்பண்ட் படத்தைப் பார்த்தோம்."

"ஆன்ட்டி! முகப்புலயே போட்டுட்டோம் பார்த்தீங்களா? இப்ப சந்தோஷம்தானே?"



"நான் உங்ககிட்ட பேசறது இதுதான் முதல் தடவை" என்றது அந்தக் குரல். "செம்பவாங்ல வேலை, பக்கத்துலயே உட்லண்ட்ஸ்ல வீடு, ஆனா தினமும் பஸ் கிடைக்கலன்னு சொல்லிட்டு ஒன்பதரைக்குத்தான் வந்து சேருவாரு, முப்பது வருஷத்துல ஒரு முழம் பூ அவர் கையால எனக்கு வந்ததில்ல. கீழ மனைவின்னு எழுதியிருக்கே, அதை எழுதினது யாரு?"