செவலைமேல் ஒரு பிடி சாம்பல்

மாட்டுப் பொங்கலும் அதுவுமாக என் மகனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பூதலூரிலிருந்து வந்து இறங்கியிருக்கிறார் என் மாமனார் பஞ்சநதம்.

சீராகக் கொண்டுவந்த கரும்புக்கட்டை வாசலில் சாத்தியவர், இன்னும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“சாமி கும்பிடறதுக்குள்ள புள்ள உங்களை அப்பான்னு கூப்பிடணும் மாப்ள. இல்லேன்னா பொண்ணையும் பேரனையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்” என்கிறார் என் தம்பி நடராசனிடம்.

இது என்ன நியாயம்? பையன் துரைராசு நடராசனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான். அப்பா என்று ஒருவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேனே!

இருக்கிறேன் என்றால், முக்காலிமேல், கண்ணாடிச் சட்டத்துக்குள். வருஷத்தில் இந்த ஒரு நாள் நடராசன் என்னைக் கூடத்துச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்து, மாடுகளுக்கு வாங்கிய நெட்டிமாலையில் எனக்கும் ஒன்று போட்டு, தொழுவத்தில் செவலைக்கு எதிரே வைத்துவிடுவான். செவலை நான் பழக்கிய காளை. இப்போது கிழம். ஆனாலும் என்னைப் பார்த்தால் காதை ஆட்டும்.

உழுகிறவன் பேரைப் பதிந்துகொடுக்கச் சட்டம் வந்துவிட்டது என்று தெருவெல்லாம் கட்சிக்கொடி கட்டிய காலம். சட்டம் நாங்கள் குத்தகைக்கு உழுத மூணு மா நிலத்துக்கு வந்து சேருவதற்குள் பண்ணையார் ஆட்கள் அறுப்புக்கு வந்துவிட்டார்கள். அரிவாள் நடராசன் கழுத்துக்குத்தான் வந்தது. நான் குறுக்கே பாய்ந்தேன்.

அன்றிலிருந்து அவன் அதை ‘அண்ணன் நிலம்’ என்றுதான் சொல்கிறான்.

நடராசன் வறட்டியைப் பிட்டுப் பிட்டு அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தான். என் மனைவி மலர்கொடி பானையைப் பார்த்தபடி நின்றாள். புகை தொழுவம் முழுக்கப் பரவி, மஞ்சள் வெயிலில் அப்படியே மிதந்தது.

அந்தப் புகைக்குள் ஒருவன் பாடிக்கொண்டிருந்தான்.

சிதம்பரத்து விடுதியில் நடராசன் சமைத்துப் போடும் மாணவர்களில் ஒருவன். சூடான் தேசம். ஊரில் சண்டை என்று திரும்பிப் போக முடியாமல் கிடக்கிறவன். பண்டிகைக்கு நடராசன் கூட்டி வந்திருக்கிறான். பனைமரத்தில் பாதி உயரம். நெற்றியில் ஒரு காதிலிருந்து மறு காதுவரை ஆறு கோடுகள். திருநீற்றுப்பட்டை என்று நினைத்தேன். கத்தியால் கீறிய தழும்புகள். நூயர் என்று அவன் இனத்துக்குப் பெயராம். காட்லுவாக் என்பது அவன் பெயர். மாட்டுக்கொட்டிலின் மகன் என்று பொருளாம். அடடா, எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அவர்கள் ஊரில் வயதுக்கு வந்த பையனுக்கு ஒரு காளை கொடுப்பார்களாம். அப்புறம் அந்தக் காளையின் பெயரே அவனுக்கும் பெயராம். என்னையும் ஊரில் ‘டேய் செவலை’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

இரண்டு கைகளையும் கொம்பு மாதிரி மேலே வளைத்து, செவலை முன்னால் நின்று பாடினான். ஒரு சொல் புரியவில்லை. செவலை அசை போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது. நானும் கேட்டேன். வாய்க்கால் மேட்டில் மாடுகளோடு நடந்து போவது போலவே இருந்தது.

பாட்டு முடிந்ததும் குனிந்து துரைராசுவிடம் கேட்டான்: “உன் அப்பா யாரு?”

பஞ்சநதம் நிமிர்ந்தார். நடராசனின் கை வறட்டியோடு நின்றுவிட்டது.

துரைராசு என்னைக் காட்டினான்.

எனக்கு உடம்பு இருந்திருந்தால் அழுதிருப்பேன்.

“நல்லாக் கேளு தம்பி! அவன் செத்து எத்தனை வருஷம்னு கேளு!” என்று பஞ்சநதம் கத்தினார்.

“பத்து” என்றான் நடராசன், தரையைப் பார்த்தபடி.

காட்லுவாக் பையனைப் பார்த்தான். பையனுக்கு ஐந்து வயது.

இந்த இடத்தில்தான் ஊரே சிரிக்கும். பெற்றவன் கண்ணெதிரே நிற்க, செத்தவனுக்குப் பிள்ளையைத் தாரை வார்த்தவன் என்று டீக்கடையில் என் தம்பியைக் கேலி பேசும். அந்தக் கேலி பூதலூர்வரை போய்த்தான் பஞ்சநதம் வந்திருக்கிறார்.

காட்லுவாக் சிரிக்கவில்லை.

“எங்க ஊர்ல இப்படித்தான். அண்ணன் கல்யாணம் ஆகாம செத்தா, தம்பி அவர் பேர்ல கல்யாணம் பண்ணணும். பொறக்கற புள்ள அண்ணனோடது. எங்கப்பாவும் நான் பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி செத்தவர்தான்” என்றான். மெஸ்ஸில் கற்ற தமிழ், நிறுத்தி நிறுத்தி வந்தது.

அடுப்போரம் ஆறிக்கிடந்த சாணச் சாம்பலை ஒரு பிடி அள்ளிப் பையன் கையில் வைத்தான். அவனைத் தூக்கிப் பிடித்தான். துரைராசு செவலையின் முதுகில் நீளமாகப் பூசினான். செத்தவரைக் கூப்பிட அவர்கள் ஊரில் இப்படித்தான் செய்வார்களாம்.

“அப்பா பேரைச் சொல்லு” என்றான் காட்லுவாக்.

“காயாரோகணம்” என்றான் என் மகன், ஓர் எழுத்து பிசகாமல்.

நடராசன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அவனைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. போடா, ஒரே ஒரு தடவை அப்பா என்று கூப்பிடச் சொல்லிக் கேட்டுக்கொள்ளேன்டா என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

பஞ்சநதம் நடராசனைக் காட்டினார். “சரி தம்பி... பெத்தவனுக்கு ஆசை இருக்காதா?”

காட்லுவாக் செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

பானை பொங்கியது. மலர்கொடி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தாள்.

“மூத்தது அவங்களுக்குப்பா. இப்ப வயித்துல இருக்கறது இவங்களை அப்பான்னு கூப்பிடும். வாங்க, சாமி கும்பிடலாம்.”

நடராசன் துண்டை இறக்கி அவளையே பார்த்தான். அவனுக்கே அப்போதுதான் தெரியும்.

பஞ்சநதம் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வந்தார்.

மலர்கொடி முதல் கரண்டிப் பொங்கலை இலையில் வைத்து என் முன்னால் வைத்தாள். சட்டத்தில் படிந்த சாம்பலைத் தன் முந்தானையால் துடைத்தாள். நான் செத்த பிறகு என் பேரைச் சொல்லித் தம்பி தாலி கட்டிக் கூட்டி வந்தவள்; உயிரோடு இருந்தவரை அவள் முகத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.