சிறந்த தளபதியின் படம்

அந்தத் தொலைக்காட்சித் தொடரின் விண்கலத் தளபதி வேடத்தில் இதுவரை நான்கு பேர் நடித்திருக்கிறார்கள். மூன்றாமவன், காலமான என் தம்பி. நால்வரில் அவனே சிறந்தவன் என்று நேயர்கள் வாக்களித்திருந்தார்கள். எங்கள் குடும்பத்துக்கு உரிய அந்த மரியாதையை, அவனுடைய படத்தை, வாங்கிவரத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனேன். நால்வர் வீட்டாரையும் அழைத்திருந்தார்கள்.

படத்தை மூடியிருந்த திரையை விலக்கியதும் முதல் தளபதியின் அக்கா எழுந்து வந்து சட்டத்தைப் பிடித்தார்.

“இது என் தம்பியாச்சே!”

“அம்மா, புருவத்துத் தழும்பைப் பாருங்க. மாடிப்படியில உருண்டவனைத் தூக்கிட்டு ஓடினது நான்.”

“நீங்களா தூக்கினீங்க? என் மடியெல்லாம் ரத்தம்!”

இரண்டாம் தளபதியின் மனைவி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்தார். “ரெண்டு பேரும் கையை எடுங்க. குடும்பம் நடத்தினவளுக்குத் தெரியாதா என் வீட்டுக்காரர் மூஞ்சி?”

தழும்பு ஒப்பனையாக இருக்கும் என்று நினைத்து ஒப்பனைக்காரரைக் கூப்பிட்டேன்.

“தளபதிக்குத் தழும்பே கிடையாதுங்க ஐயா. நான் யாருக்கும் போட்டதில்லை.”

படத்தில் இருப்பது என் தம்பிதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண்கள் பொய் சொல்கிறவர்களாகவும் தெரியவில்லை. நாங்கள் மூவரும் சட்டத்தை விடவில்லை.

இப்போது நடிக்கும் நான்காமவன் தாமதமாக வந்தான். புருவத்தில் புதுக் கட்டு. காலையில் மாடிப்படியில் வழுக்கிவிட்டதாம். கைத்தாங்கலாக அழைத்துவந்த அவன் தாய் படத்தைப் பார்த்து நின்றார்.

“ஏன்டா, இதுல உன் காயம் ஆறியிருக்கே?” என்றபடி வந்து, மிச்சமிருந்த மூலையைப் பிடித்துக்கொண்டார்.