மூடி பிரிக்காத சாப்பாடு

கடையில் வாங்கிய உறைந்த சாப்பாட்டுப் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான் ஓர்வில். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். எங்கும் பிரியவில்லை என்று தெரிந்த பிறகுதான் அதை மைக்ரோவேவில் வைத்தான்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் மேஜையருகே உட்கார்ந்திருந்த அக்கா வெர்னாவுக்குப் பகீர் என்றது. தம்பி, வீட்டுச் சாப்பாட்டைத் தொட்டே ஆறு வாரமாகிறது, குப்பைத்தொட்டி நிறையக் காலி அட்டைப்பெட்டிகள்தான் என்று பக்கத்துப் பண்ணைக்காரி போனில் சொன்னபோது அவள் நம்பவில்லை. பனியில் இரண்டு மணி நேரம் காரோட்டி வந்து, இதோ, கண்ணாலேயே பார்த்தாயிற்று.

"இது என்னடா புதுப் பழக்கம்?"

"வசதிதான் அக்கா. ஆறே நிமிஷத்துல சாப்பாடு. கறி, பட்டாணி, கேக்குன்னு அதது அதோட பள்ளத்துல இருக்கு. பாத்திரம் கழுவற வேலை இல்ல. ருசியும் முன்ன மாதிரி அட்டை இல்ல, இப்ப நல்லாவே பண்றான்."

"ஓரத்துல கொதிக்குது, நடுவுல ஐஸ்கட்டி. இது உனக்கு ருசியா?"

"ஃபாக்டரில மூடினது மூடினபடி வருது. நடுவுல ஒருத்தர் கையும் படல."

அதை அவன் சொன்ன விதம் வெர்னாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கராஜ் ஃப்ரீசரில் அதே பெட்டிகள் நாற்பது ஐம்பது அடுக்கியிருந்ததை வரும்போதே பார்த்திருந்தாள்.

ஊர் பேசுவது அவளுக்கும் தெரியும். ஓர்வில் ஆர்டிஸுக்கு மூன்றாவது கணவன். முதலாமவர் மாரடைப்பில் போனார், இரண்டாமவர் தானியக் கிடங்கில் மூச்சுமுட்டிப் போனார், இரண்டு பேர் நிலமும் ஆர்டிஸ் பெயருக்கு வந்தது. வேலைவெட்டி இல்லாத வாய்களுக்கு இது போதாதா? ஆர்டிஸ் கைச் சாப்பாடு ஆளையே முடித்துவிடும் என்று சர்ச்சில் கிசுகிசுத்தார்கள். அதே ஆர்டிஸ் பரிமாறியதை இரண்டு தடவை வாங்கித் தின்றுவிட்டுத்தான் கிசுகிசுத்தார்கள், அது வேறு விஷயம்.

"ஊரு பேச்சக் கேட்டுட்டு, கட்டினவ கையால சாப்பிடப் பயப்படுறியா?"

ஓர்வில் மைக்ரோவேவுக்குள் சுற்றிக்கொண்டிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாடிக்குப் போய் அவளப் பாத்துட்டுதான் வந்திருக்கேன். தூங்குறா. முகத்துல பொட்டு ரத்தம் இல்ல. வயித்து வலின்னு நீ சொல்ற. எனக்குத் தெரியாதா, அது மனசு வலிடா! கட்டிலுக்குப் பக்கத்துல பாதி தின்ன தட்டு இருக்கு. விஷம் வைக்கிறவ அதையே தானும் தின்னுவாளா? மூளை இருக்கா உனக்கு?"

"அந்தப் பேச்ச விடு அக்கா."

விடுகிற ஆளா வெர்னா? விருட்டென்று எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கண்ணாடிப் பாத்திரத்தில் ஹாட்டிஷ் என்கிற வேகவைத்த கலவை இருந்தது. மாட்டுக் கொத்துக்கறி, காளான் சூப், மேலே வரிசை வரிசையாக உருளைக்கிழங்கு உருண்டைகள். ஒரு மூலை மட்டும் குறைந்திருந்தது.

பாத்திரத்தைத் தூக்கி அடியில் பார்த்தாள். ஒட்டுத்தாளில் 'ஆர்டிஸ்' என்று எழுதியிருந்தது. சர்ச் விருந்துக்கு ஒரே மாதிரி இருபது பாத்திரம் வருகிற எங்கள் பக்கத்தில், அடியில் இருக்கும் பெயர்தான் சமைத்தவர் பெயர்.

"நானே சாப்பிட்டுக் காட்டுறேன். அப்பவாவது உனக்குப் புத்தி வருதான்னு பாப்போம்."

ஓர்வில் சட்டென்று எழுந்தான். "வேணாம் அக்கா. அது பழசு."

"பழசா? மாடில கிடக்கறவளுக்கு மட்டும் புதுசா?"

சுடவைக்கக்கூடப் பொறுமையில்லாமல் தட்டில் அள்ளிப் போட்டு ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய் தின்றாள். "கைப்பக்குவம் கொஞ்சம் தப்பியிருக்கு. பாவம், நீ படுத்துற பாட்டுல அவளுக்கு வேற எப்படி வரும்?"

மைக்ரோவேவ் மணி அடித்தது. ஓர்வில் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. அம்மா போன பிறகு அவனுக்கு ஊட்டி வளர்த்தவள் வெர்னாதான். இந்த உலகத்தில் அவன் உண்மையாக நேசித்த ஒரே ஆள் அவள்.

"தட்டக் குடு அக்கா!"

பாய்ந்து பிடுங்க வந்தான். அவள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி, வீம்புக்கு இன்னும் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். "சின்ன வயசுலயும் இப்படித்தான் என் தட்டப் பிடுங்குவ. போடா!"

அவன் கை தட்டிவிட்டதில் தட்டு தரையில் விழுந்து சிதறியது.  ஓர்வில் சுவரிலிருந்த போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு அடித்தான்.

"யாருக்குடா ஆம்புலன்ஸு?"

"உனக்குத்தான்."

"பைத்தியமாடா பிடிச்சிருக்கு? ஆர்டிஸ் சமைச்சதத் தின்னா எனக்கு என்ன ஆயிடும்?"

ஓர்வில் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"சமைச்சது நான்தான் அக்கா."