மூன்றாவது சுற்று

"காபிக்கொட்டை வறுக்கிற வாசனை வந்தா போதும், மூணு பேரும் வந்து உக்காந்துடுவீங்களா?"

அடிஸ் அபாபாவிலிருந்து மலையூரான தெஸ்ஸிக்கு வந்திருந்த கிர்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை வூபித்துக்கு மனச்சிதைவு நோய். தனியாக இருக்கிறாள். அவள் வீட்டில் அவள் குடிப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஊற்றிக் குடிக்கிறார்கள். போதாததற்கு அந்தப் பக்கத்து வீட்டு எதாகு, வூபித்தின் தட்டிலிருந்தே இஞ்சேரா அப்பத்தைப் பிய்த்து முதல் வாய் போட்டுக்கொள்கிறாள்!

"காபின்னா மூணு சுத்து தம்பி. மூணாவதும் முடியட்டும். அதுக்கு முன்னால எழுந்திருக்கிற வழக்கமில்ல" என்றாள் எதாகு.

"ஓசிக் காபிக்கு வழக்கம் வேறயா? கிளம்புங்க!"

எதாகு வூபித்தை ஒரு முறை பார்த்தாள். எழுந்து போனாள். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

மூன்றாவது சுற்றைக் கிர்மாவே ஊற்றினான். பக்கத்தில், அந்தக் கோப்பையோடு அவள் போடும் மாத்திரையை வைத்தான்.

வூபித் தொடவில்லை.

"குடிம்மா."

"என்ன கலந்தே?"

"சர்க்கரைதான். இதோ பாரு, நானே குடிக்கிறேன்."

"நீ மாத்து மருந்து குடிச்சுட்டு வந்திருப்பே."

மதியமாயிற்று. இஞ்சேரா காய்ந்துபோனது. அவள் சுவரைப் பார்த்து முணுமுணுத்தாள். எழுந்து செருப்பை மாட்டினாள்.

கிர்மா ஓடிப்போய் வாசலை மறித்தான். போன வருஷம் மாத்திரையை விட்டபோதும் இப்படித்தான் கிளம்பினாள். மலைப்பாதையில், லாரிகளுக்கு நடுவிலிருந்துதான் இழுத்து வந்தார்கள்.

"யாரு குடிச்சுக் காட்டினா நீ குடிப்பே, வூபித்?"

"எதாகு அக்கா. மூணு சுத்தும் அவ முழுங்கறதை நான் பார்க்கணும்."

தங்கையின் வாசலில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். எதாகுவின் கணவர் திறந்தார்.

"படுத்திருக்கா. குடல்புண்ணு. காபியைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். கேட்டாத்தானே? தினம் உங்க வீட்டுல குடிச்சுட்டு வந்து சுருண்டு படுத்துக்கறா."

கிர்மாவுக்கு வெட்கமாக இருந்தது.

வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு எதாகு வெளியே வந்தாள்.

"போய் புதுசா கொட்டையை வறு தம்பி. நடுவுல விட்டாச்சு இல்ல, இனி முதல் சுத்துலேருந்து குடிச்சாத்தான் அவ நம்புவா."