நேரில் கண்டவர்

மேசையிலிருந்த உஷாந்தியின் போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஹெக்டர் அதை ஓரக்கண்ணால் பார்த்தபடியே கதைத்தார்.

“எண்பத்திமூணு ஜூலைக் கலவரம். தமிழ் வீடுகள எரிச்சிட்டு வந்தாங்க. பக்கத்து வீட்டு கேற்றில நாப்பது பேர். பொல்லு, பெற்றோல் கேன். அந்த வீட்டுச் சின்னப் பையன் சந்திரகுமார்ட குடும்பம் ஆறு பேரும் என்ட குசினிக்குள்ள, அடுப்படியில. நானும் என்ட மனுசி மார்கரெட்டும் மூச்சுவிடாம அவங்களோட இருந்தோம்.”

கொட்டாஞ்சேனையின் அந்த ஒழுங்கையில் ஹெக்டர் என்றால் எல்லோருக்கும் மரியாதை. ஆறு தமிழ் உயிர்களைக் காப்பாற்றிய சிங்களவர்.

உஷாந்தி ஏ.எல். உயர்தர வகுப்பு மாணவி. மாணவர் ஆய்வுப் போட்டியில் தெரிவானால் கம்பஸில் வரலாறு படிக்க விடுவதாக அப்பா சொல்லியிருந்தார். நாளை கடைசித் திகதி. அவரைப் பற்றிய கட்டுரையை எழுதி முடித்தாயிற்று. ஹெக்டரின் வாயால் கேட்பது ஒன்றுதான் பாக்கி.

வழிகாட்டிய அகீலா மிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. “யாரு என்ன சொன்னாலும், அத எங்க நின்டு பாத்தீங்கன்னு கேளுங்க.”

“அங்கிள், நாப்பது பேரையும் நீங்கள் எங்க நிண்டு பாத்தனீங்கள்?”

“குசினியில இருந்துதான்.”

“குசினி பின்பக்கம் எல்லோ? அங்கயிருந்து கேற் தெரியாதே.”

தேநீர் கொண்டுவந்த மார்கரெட் அப்படியே நின்றார்.

“என்ன மகள், என்னய சந்தேகப்படுறியா?” ஹெக்டரின் குரல் தடித்தது. “இந்த ரோட்டுல யாருட்டயும் கேட்டுப் பாரு!”

உஷாந்தி போனைப் பார்த்தாள். எழுந்து போய்விடலாம். எழுதி வைத்த கட்டுரைக்கே பரிசு கிடைக்கும். ஆனால் கேட்ட ஒன்றைக் கேட்காததுபோல் விட அவளால் முடியவில்லை.

“போன கிழமை வெள்ளவத்தையில சந்திரகுமார் அங்கிளைக் கண்டனான். அப்ப அவருக்கு ஏழு வயசு. கதவைத் திறந்து உள்ள இழுத்தது மார்கரெட் அன்ரியாம். உங்களை இருட்டினாப் பிறகுதான் கண்டவராம். உடுப்பெல்லாம் ஒரே கரியாம்.”

ஹெக்டர் தலை குனிந்தார்.

அவரை நோகடித்துவிட்டோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அவசரமாகச் சொன்னாள்.

“நீங்கள் வெளியில நிண்டு அவங்களைத் தடுத்திருப்பீங்கள், என்ன? பக்கத்து வீட்டு நெருப்பையும் அணைச்சிருப்பீங்கள். அது இதைவிடப் பெரிய விஷயம் அங்கிள். நீங்கள் ஓம் எண்டு சொன்னாக் காணும், அப்பிடியே எழுதிப்போடுவன்.”

ஹெக்டர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். மார்கரெட் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

“இந்தப் பிள்ளையையும் பொய் எழுத வைக்க வேண்டாம்” என்று கணவரிடம் சிங்களத்தில் சொன்னார்.

உஷாந்தி பதிவை நிறுத்தக் கை நீட்டினாள். ஹெக்டர் அந்தக் கையைத் தடுத்தார். அவருடைய கண்கள் நிறைந்திருந்தன.

“நான் அந்தக் கூட்டத்தோட வந்தவன், மகள்.”